ஆந்தைக்குக் கட்டிய எலி

அம்சவேணியின் காரில் ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்சீட்டின் முதுகில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கும் வாந்திப் பைகளைத்தான். திருமலைக்கு ஏறி இறங்குகிற வண்டியில் அது இல்லாமல் முடியாது. மற்ற டிரைவர்கள் கடையில் கொடுத்த பழைய கேரி பேக்கைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். அவள் பைக்குள் செய்தித்தாளை மடித்துப் போட்டு, மேலே கட்டுவதற்கு ரப்பர் பேண்டும் வைத்திருப்பாள். ரேணிகுண்டா விமான நிலையத்து டாக்ஸி வரிசையில் அவளுக்கு ‘சீ அம்சா’ என்று பெயர். யார் எச்சில் துப்பினாலும், யார் டீ கிளாஸில் விரலை விட்டு எடுத்தாலும் ‘சீ’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பெயர் அவள் காதுக்கும் போயிருந்தது. அவள் அதை மறுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே ஏதோ ஒரு அருவருப்பில் எடுத்தவைதாம். நகரியில் பவர்லூம் வைத்திருந்த நாகபூஷணத்துக்கும் கமலம்மாவுக்கும் பிறந்தவள் அவள். புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் புருஷன் சாப்பிட்டு முடித்த தட்டிலேயே பெண்டாட்டி சாப்பிட வேண்டும். அவன் கடித்துத் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை ஓரத்தில் கிடக்க, குழம்பில் விரல் தடம் காய்ந்திருக்க, மாமியார் அதே தட்டில் சோற்றைப் போட்டுத் தள்ளுவாள். கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு ஒரு மத்தியானம் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறி நகரிக்கு வந்துவிட்டாள். “அடிச்சானா, குடிச்சானா?” என்று நாகபூஷணம் கேட்டார். “இல்ல நைனா. எச்சில் துன்ன முடியல” என்றாள். இதற்காகவா ஒருத்தி வாழ்க்கையை விட்டு வருவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் போகவில்லை.

ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள். பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்த ஒருவன் தினமும் தொடையில் கையைத் தேய்த்தான். ஒருநாள் செருப்புக் காலால் அவன் பாதத்தை மிதித்து அரைத்துவிட்டு இறங்கினாள். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். யாரும் இடிக்காத ஒரு சீட் உலகத்தில் உண்டென்றால் அது டிரைவர் சீட்தான் என்பது அவள் கண்டுபிடிப்பு. இப்போது முப்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு வெள்ளைக் கார். ரேணிகுண்டாவில் சின்ன வாடகை வீடு. நைனா போன பிறகு கமலம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்.

போன பிப்ரவரியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஹரிபாபு அவளுக்கு ஒரு சவாரி கொடுத்தான். சாமி தரிசனம் இல்லை, கல்யாணம் இல்லை. பறவை பார்க்கிற சவாரி. சித்தூர், பலமநேர் வழியாகக் குப்பம் வரைக்கும் போய், ராத்திரி தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். “நிக்கச் சொன்ன எடத்துல நிக்கணும். வேற ஒண்ணும் இல்ல. நல்ல பார்ட்டி” என்றான்.

ஹைதராபாத் விமானத்தில் வந்து இறங்கினார் திலீப். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பச்சை நிறத்தில் உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை. குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிவந்த கேமரா பை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். காட்டு உயிர்களைப் படம் எடுப்பதில் பெரிய ஆள், கற்றும் கொடுப்பார் என்று ஹரிபாபு சொல்லியிருந்தான். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள் கோதா. திருப்பதியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. அம்சவேணி வயசுதான். கோதாவின் கணவர் பாஷ்யம் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் இருப்பவர். கோயில் தெருவிலிருந்து தண்ணீர்ச் சொம்பும் சாப்பாட்டுக் கூடையுமாக வந்து ஏறியதும் கோதா கேட்ட முதல் கேள்வி, “இந்த வண்டியில யாரும் முட்டை பஃப்ஸ் எல்லாம் சாப்பிட மாட்டாளே?”

“நான் யாரையும் எதுவும் துன்ன விடறதில்ல மேடம். பிஸ்கட்டுகூட எறங்கி நின்னுதான்” என்றாள் அம்சவேணி.

கோதா சீட்டைத் தடவிப் பார்த்தாள். வாந்திப் பையைப் பார்த்தாள். “என்னை மாதிரியே ஒருத்தி” என்று சிரித்தாள். அம்சவேணிக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

சந்திரகிரி தாண்டி, பாகாலா போகிற வழியில் ஒரு ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார் திலீப். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கரை நெடுக கோழிக்கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இறகு, குடல், கால். நடுவில் குழந்தைகளுக்குக் கட்டுகிற டயாப்பர்கள் தண்ணீர் குடித்து ஊதிக் கிடந்தன. அம்சவேணி துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த அசிங்கத்துக்கு மத்தியில் உயரமான வெள்ளைப் பறவைகள் ஏழெட்டு நின்றன.

“சங்குவளை நாரை. பாக்கறேளா?” என்று கோதா பைனாகுலரை நீட்டினாள்.

அம்சவேணி முதலில் கண் வைக்கும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். அதற்குக் கோதா கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தாள். மஞ்சள் மூக்கு. ஆரஞ்சு முகம். வால் பக்கத்து இறகுகளில் மட்டும் யாரோ ரோஜா நிறச் சாயத்தில் முக்கி எடுத்தது மாதிரி ஒரு சிவப்பு. நகரியில் எத்தனையோ சாயம் பார்த்தவள் அவள். இந்த நிறத்தைப் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அந்த நாரை குனிந்து, மூட்டையிலிருந்து ஒரு கோழிக்குடலைக் கொத்தி நீளமாக இழுத்தது. குடலோடு ஒட்டிக்கொண்டு கறுப்புப் பிளாஸ்டிக்கும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கியது.

“சீ” என்று பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திலீப் மண்டிபோட்டுப் படம் எடுத்தார். குப்பை தெரியாமல் எடுக்க எங்கே உட்கார வேண்டும் என்று கோதாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேமராத் திரையில் பார்த்தபோது சுத்தமான நீலத் தண்ணீரில் நாரை நின்றது. இதே இடமா என்று அம்சவேணி திரும்பிக் கரையைப் பார்த்தாள். இதே இடம்தான்.

பங்காருபாளையத்தில் மாந்தோப்புகள் பூத்துக் குலுங்கின. ஒரு பழைய மரத்துப் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இருப்பது திலீப்புக்குத் தெரிந்திருந்தது. தோப்புக் காவல்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்கள். ஆந்தை வெளியே வரவில்லை. திலீப் போனில் ஆந்தைக் குரலைப் போட்டார். கீச்சுக் கீச்சென்று சண்டை பிடிக்கிற குரல். மறுபடி மறுபடி போட்டார். பொந்திலிருந்து ஒரு சின்ன ஆந்தை வெளியே வந்து, தலையைத் தூக்கி இறக்கி, எதிரியைத் தேடியது. குரல் நிற்கவில்லை. அது கிளைக்குக் கிளை தாவி, வாயைப் பிளந்து கத்தியது. முகத்தை மறைத்த ஒரு பூங்கொத்தைத் திலீப் ஒடித்துக் கீழே போட்டார்.

“போறும் திலீப். அது பயப்படறது” என்றாள் கோதா.

“பயந்தாத்தான் கண்ணு பெரிசா வரும்” என்றார் அவர்.

கொஞ்ச நேரம் கழித்து கோதாவும் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். தூரத்தில் வண்டியில் சாய்ந்து நின்ற அம்சவேணிக்கு ஏனோ ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது. அந்த ஆளுக்கும் தெரியும், அவள் நெளிகிறாள் என்று. அதனால்தான் கையை எடுக்கவில்லை.

பலமநேர் தாண்டி, காட்டை ஒட்டிய ரோட்டில் கூட்டம். யானை. ஒற்றை யானை, யானைகள் ஊருக்குள் வராமலிருக்க வெட்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதரில் பாதி மறைந்து நின்றது. இந்தப் பக்கம் பைக்கும் காரும் மினி லாரியும் நின்றன. ஹாரன் அடித்தார்கள். செல்ஃபிக்காக முதுகைக் காட்டி நின்றார்கள். யாரோ பன்னை வீசினார்கள். திலீப் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் காரின் பானெட் மேல் காலை வைத்து ஏறி நின்றார். ஷூ அடியில் ஏரிக்கரையின் சேறு அப்படியே இருந்தது.

“சார், எறங்குங்க.”

“ஒன் மினிட் அம்மா.”

யானை போன பிறகு பார்த்தால் ரோட்டோரத்தில் பழைய யானை லத்தி ஒன்று கிடந்தது. திலீப் ஷூ நுனியால் அதைப் பிளந்து கோதாவுக்குக் காட்டினார். வைக்கோலும் மூங்கில் நாரும் கலந்த அந்த உருண்டைக்குள் மடங்கிப்போன பால் பாக்கெட் ஒன்று, அச்செழுத்து அழியாமல் இருந்தது. “பாவம்” என்றாள் கோதா. அம்சவேணி பானெட்டைத் துடைத்தாள். துடைத்த துணியை வண்டிக்குள் வைக்க மனசு வரவில்லை. கீழே எறியவும் மனசு வரவில்லை. பையில் போட்டு முடிச்சுப் போட்டு டிக்கியில் வைத்தாள். அங்கே கேமரா பைக்குப் பக்கத்தில், காலையில் திருப்பதிக் கடை ஒன்றில் நிறுத்தி திலீப் வாங்கி வைத்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பரபரவென்று ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. பேட்டரி விசிறி ஏதாவது இருக்கும் என்று மூடிவிட்டாள்.

வி.கோட்டா தாண்டி, சாந்திபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண் பாதையில் திரும்பச் சொன்னபோது வெயில் சாய்ந்திருந்தது. மொட்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குன்று. “கொம்பன் ஆந்தை. இந்தப் பாறையிலதான் குடியிருக்குது. இருட்டறதுக்கு முன்னால ஒருதரம் வெளிய வரும்” என்றார் திலீப். கோதாவின் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷமாக அந்த ஆந்தையைப் பார்க்க ஆசை என்று அம்சவேணியின் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தச் சந்தோஷம் அம்சவேணியையும் தொற்றிக்கொண்டது. வண்டியைப் பூட்டிவிட்டு அவளும் கூட ஏறினாள்.

தட்டையான ஒரு பாறைக்கு எதிரே கேமராக்களை ஊன்றினார்கள். திலீப் அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

உள்ளே வெள்ளை எலிகள். சிவப்புக் கண்ணும் ரோஸ் நிற வாலுமாக, மூத்திரம் ஊறிய மரத்தூளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பாம்பு வளர்க்கிறவர்களுக்காகக் கடையில் விற்பார்களாம். அம்சவேணிக்கு உடம்பு கூசியது. எலி என்றால் அவளுக்கு ஆகாது. வீட்டில் ஒரு சுண்டெலி ஓடினால் கட்டில் மேல் ஏறி நிற்பவள் அவள். காலையிலிருந்து இதுவா தன் வண்டியில் இருந்தது என்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

திலீப் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினார். பின்னங்காலில் தூண்டில் நரம்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். மறுமுனையைப் பாறை இடுக்கில் ஒரு கல்லோடு கட்டினார். எலி நாலு அடி ஓடியது, நரம்பு இழுத்தது, விழுந்தது. மறுபடி ஓடியது.

“மேடம், இன்னா இது?” என்றாள் அம்சவேணி.

கோதா அவளைப் பார்க்கவில்லை. “எல்லாரும் இப்படித்தான் பண்றாளாம்” என்றாள், தனக்கே சொல்வது மாதிரி.

ஆந்தை வந்தது. சத்தமே இல்லை. பாறையின் ஒரு துண்டு கழன்று பறந்துவந்தது போல் இருந்தது. எலியைக் கவ்வியது, எழும்பியது. நரம்பு இறுகியது. அத்தனை பெரிய பறவை நடுவானில் சட்டென்று இழுபட்டுக் கீழே சரிந்தது. இரண்டு சிறகையும் முழுசாக விரித்துப் பாறையில் அடித்துக்கொண்டது. கேமராக்கள் தையல் மெஷின் மாதிரி தடதடத்தன. மறுபடி ஒரு இழுப்பு. ஏதோ பிய்ந்தது. ஆந்தை விடுபட்டுப் போனது.

பாறையில் நரம்பு மட்டும் கிடந்தது. அதன் நுனியில், முடிச்சுக்குள், ஒரு சின்ன ரோஸ் நிறக் கால்.

திலீப் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எனக்குத் தலை மட்டும் ஃப்ரேமுக்கு வெளிய போயிடுச்சு. திரும்ப வரும். இன்னொண்ணு கட்டலாம்.” அந்தக் காலை நரம்பிலிருந்து நகத்தால் சுரண்டிக் கீழே தட்டிவிட்டு, அதே விரலால் பெட்டிக்குள் கையை விடப் போனார்.

அம்சவேணி எப்படி நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அட்டையின் ஈரம் சுடிதாரில் ஒட்டியது. உள்ளே அவை அவள் விரல்களுக்கு எதிரே ஓடுவது தெரிந்தது. விடவில்லை.

“ஏம்மா, அதைக் கீழ வை.”

“வெக்க மாட்டேன்.”

“எலிக்காகவா இந்த டிராமா? வீட்டுல எலிப் பொறி வெக்கறதில்லையா நீ?”

“வெக்கிறேன் சார். செத்துச்சான்னு பாத்துட்டுத் தூக்கிப் போடறேன். அது துடிக்கிறத நின்னு படம் புடிக்கிறதில்ல.”

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வண்டி ஓட்டறது உன் வேலை.”

“இருட்டுதுன்னுதான் ஒங்கள குப்பம் வரைக்கும் கொண்டுபோய் வுடறேன். அதோட என் வேல முடிஞ்சிச்சி. நாளைக்கு வேற வண்டி பாத்துக்குங்க.”

குப்பம் லாட்ஜ் வாசலில் திலீப் இறங்கினார். ஹரிபாபுவிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கோதா இறங்கவில்லை. “நானும் உங்களோடயே ஊருக்கு வந்துடறேன்” என்றாள். அம்சவேணி மனசுக்குள் கொஞ்சம் இளகினாள். இவளுக்காவது உறைத்திருக்கிறது என்று நினைத்தாள். எலிப் பெட்டி முன்சீட்டில் இருந்தது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டும் நாற்றம் போகவில்லை.

பலமநேர் வருவதற்குள் பின்சீட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கோதா கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அந்த வெளிச்சம் அணையவில்லை. பிறகு மெதுவாக, “அம்சவேணி, எனக்கு நன்னா வந்திருக்கு” என்றாள். கேமராவை முன்னால் நீட்டினாள்.

அம்சவேணி வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. விரிந்த இரண்டு சிறகும் திரை முழுக்க நிறைந்திருந்தன. நெருப்புத் துண்டு மாதிரி இரண்டு கண். அது பறக்கிற அழகு இல்லை, இழுபட்டு விழுகிற அழகு என்பது பக்கத்தில் நின்றவளுக்குத்தான் தெரியும். முட்டை பஃப்ஸ் வாசனைக்கு மூக்கைச் சுளிக்கிற இந்தப் பெண், இதை மடியில் வைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறாள். திலீப்பின் மேல் வந்ததைவிடப் பெரிய குமட்டல் இப்போதுதான் வந்தது.

“மூடிடுங்க மேடம்” என்றாள். கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

ஹரிபாபு அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. வரிசையில் நின்று கிடைக்கிற சவாரியே போதும் என்று இருந்துவிட்டாள். எலிகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வெளியே விட்டால் காக்கை ஒரு மணி நேரம் வைத்திருக்காது. கடையில் கொடுத்தால் மறுபடி யாராவது வாங்குவார்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் வலை கட்டிப் பின்பக்கம் வைத்தாள். ஐந்து எலிகள். நல்லவேளை, எல்லாம் பெட்டை. தினமும் காலையில் மூக்கில் துணி கட்டி, கையில் உறை போட்டு, இடுக்கியால் அழுக்கு மரத்தூளை வாரிக் கொட்டுவாள். “அருவருப்பா இருக்குதுன்னா எதுக்குடி வெச்சிக்கினு கீற?” என்று கமலம்மா கேட்பாள். “அருவருப்பா இருக்கறதாலதாம்மா” என்பாள். அவளுக்கே அதற்கு மேல் விளக்கத் தெரியாது. அவற்றின் மேல் அவளுக்குப் பாசம் வரவில்லை. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது கோதாவிடமிருந்து போன் வந்தது. திருப்பதியில் ஒரு மண்டபத்தில் பறவைப் படக் கண்காட்சி. அவள் படமும் வைத்திருக்கிறார்களாம். “நீங்க அவசியம் வரணும். அன்னிக்கு நீங்களும் இருந்தேளே” என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அம்சவேணி போனாள்.

படம் சுவர் அளவுக்கு இருந்தது. அடியில் ‘மாலை வேட்டை’ என்று எழுதியிருந்தது. முன்னால் ஒரு கூட்டம். ஆபீஸ்காரர்கள், கல்லூரிப் பெண்கள். கோதா பட்டுப்புடவையில் நின்று எல்லோருக்கும் பாறை பற்றியும் பொறுமை பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சவேணியைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினாள்.

அவ்வளவு பெரிசாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆந்தையின் நகத்திலிருந்து கீழே பாறை வரைக்கும், சாயங்கால வெளிச்சம் பட்டு, தலைமுடி கனத்தில் ஒரு கோடு மின்னியது.

“மேடம், நரம்பு தெரியுது” என்றாள் அம்சவேணி. குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தவும் இல்லை.

“என்ன நரம்பு?” என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

“எலியக் கட்டி வெச்ச தூண்டில் நரம்பு. ஆந்தை புடிச்சிக்கினு போவ முடியாம அதுல மாட்டிக்கினு துடிச்சுது. அப்போ எடுத்தது. எலிக்குக் கால் பிஞ்சி அங்கியே கெடந்துச்சி.”

அந்தப் பெண் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். ஒருவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். கோதாவின் கை அவள் கையிலிருந்து நழுவியது. முகத்தில் கோபம் இல்லை. முழங்கை வரைக்கும் சாக்கடையில் விட்டு எடுத்தவள் மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் போன் வந்தது. “கழட்டச் சொல்லிட்டேன்” என்றாள் கோதா. “சரிங்க மேடம்” என்று அம்சவேணி வைத்துவிட்டாள்.

அதற்கு அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தார்கள். மார்கழியில் ஒரு சாயங்காலம், டாக்ஸி வரிசையில் அம்சவேணியின் வண்டி முன்னால் வந்தபோது, சென்னையிலிருந்து இறங்கிய கோதா பெட்டியோடு நின்றாள். வரிசையில் வந்த சவாரியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவளும் தயங்கிவிட்டு ஏறினாள். கையில் கேமரா பை இல்லை.

“அந்த எலியெல்லாம் என்ன ஆச்சு?” என்று பாதி வழியில் கோதா கேட்டாள்.

“ரெண்டு இருக்குது. மீதி செத்துப்போச்சி.”

“என்ன சாப்பிடறது?”

“கம்பு, வேர்க்கடல. எதப் போட்டாலும் துன்னும். நாத்தந்தான் தாங்கல.”

கோதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “நான் மாசா மாசம் கம்பு வாங்கித் தரட்டுமா? உங்காத்துக்கே கொண்டுவந்து குடுக்கறேன்.”

அம்சவேணி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கேட்டவள் மனசாரத்தான் கேட்டாள் என்று தெரிந்தது. அது தெரிந்தும், அந்தக் கை வாங்கிவருகிற தானியத்தைத் தன் வீட்டுக்குள் வைக்க முடியாது என்பதும் தெரிந்தது.

“வேணாம் மேடம்” என்றாள். “கோயில் தெருவுக்குள்ள இந்நேரம் வண்டி வுட மாட்டாங்க. மொனையிலியே எறங்கிக்கிறீங்களா?”